கேமிங் பிசி கட்டும் முன்: பட்டியலின் முதல் வரி விளையாட்டு

கேமிங் பிசி அசெம்பிள் செய்யக் கிளம்பும் பலருடைய பட்டியல் ப்ராசசரில் தொடங்கும். அதற்கேற்ற மதர்போர்டு, ரேம், பிறகு கிராஃபிக்ஸ் கார்டு. மிச்சம் இருக்கும் பணத்தில் எஸ்எம்பிஎஸ்ஸும் (மின்சாரம் வழங்கும் பெட்டி) கேபினெட்டும். விண்டோஸா லினக்ஸா என்ற கேள்வி, எல்லாவற்றையும் மாட்டி முடித்து பென்டிரைவைச் செருகும் நேரத்தில்தான் எழும்.

இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். என்னென்ன விளையாடப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். எந்த இயங்குதளம் என்பதை அதுவே சொல்லிவிடும். விளையாட்டும் மானிட்டரும் சேர்ந்து கிராஃபிக்ஸ் கார்டு எந்தத் தரத்தில் வேண்டும் என்று சொல்லும். அந்தத் தரத்தில் ஏஎம்டியா என்விடியாவா என்பதில் இயங்குதளத்துக்கும் பங்கு உண்டு. கார்டு முடிவானால் எஸ்எம்பிஎஸ், கேபினெட். ப்ராசசர், போர்டு, ரேம் மூன்றும் இதற்குப் பிறகு.

இங்கே எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டு வீடு ஒன்றில் வைக்கும் நடுத்தர பட்ஜெட் பிசி. ரூபாய்க் கணக்கு தரவில்லை. 2025 இறுதியில் ரேம் விலை ஏறத் தொடங்கிய வேகத்தில், இன்று எழுதும் தொகை அடுத்த மாதமே பயன்படாமல் போகலாம். விகிதம் மட்டும் சொல்லலாம்: மானிட்டர் நீங்கலான தொகையில் 35 முதல் 45 சதவீதம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போனால் அது சமநிலையான கேமிங் பிசி. 25 சதவீதம்தான் போகிறது என்றால் எங்கோ தேவையில்லாத செலவு நடக்கிறது. பெரும்பாலும் அது ப்ராசசரிலோ, விளக்கு எரியும் ஃபேன்களிலோ இருக்கும்.

விண்டோஸா, லினக்ஸா

வேலரன்ட் விளையாடுவீர்கள் என்றால் இந்தப் பகுதி ஒரே வரியில் முடிந்துவிடும்: விண்டோஸ்தான். அதன் வேன்கார்டு எனும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது. லினக்ஸில் அது இயங்காது. மென்பொருளால் உருவாக்கும் விர்ச்சுவல் மெஷினுக்குள் விண்டோஸைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், அதையும் கண்டுபிடித்து மறுக்கும். விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டும் இயங்கு நிலையில் இல்லாவிட்டாலும் விளையாட்டு திறக்காது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் 2024 மே மாதம் வேன்கார்டுக்கு மாறியது. ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டியின் அண்மைப் பதிப்புகள், கணினிக்கான பப்ஜி, பேட்டில்ஃபீல்டு 6, ஈஏவின் அண்மைய எஃப்சி கால்பந்து விளையாட்டுகள் ஆகியவையும் இதே வகை. உங்கள் பட்டியலில் இவற்றில் ஒன்று இருந்தாலும் விண்டோஸ் இல்லாமல் முடியாது.

மறுபக்கம், தனியாக விளையாடும் கதை விளையாட்டுகள்தான் உங்கள் பட்டியல் என்றால் லினக்ஸ் இன்று முழுமையான தேர்வு. ஏதோ ஒப்பேற்றலாம் என்ற நிலை போய்ச் சில ஆண்டுகளாகிவிட்டன. வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட புரோட்டான்தான் இதற்கு அடித்தளம். வைன் என்ற பழைய திட்டத்தின் மேல் கட்டப்பட்ட இது, விண்டோஸ் விளையாட்டு கேட்கும் அழைப்புகளை லினக்ஸ் அழைப்புகளாக மாற்றுகிறது. டைரக்ட்எக்ஸ் 9 முதல் 11 வரையிலான வரைகலைக் கட்டளைகளை அதிலுள்ள டிஎக்ஸ்விகே என்ற பகுதி, லினக்ஸ் புரிந்துகொள்ளும் வல்கன் கட்டளைகளாக மாற்றுகிறது. டைரக்ட்எக்ஸ் 12-க்கு விகேடி3டி. கட்டளையை மொழிமாற்றுவதுதான் வேலை, இன்னொரு கணினியைப் போலி செய்வதல்ல; வேகம் பெரிதாகக் குறையாததற்கு அதுவே காரணம். 2022-இல் வால்வின் கையடக்க லினக்ஸ் கணினியான ஸ்டீம் டெக் வந்தபின் விளையாட்டு நிறுவனங்களே புரோட்டானில் சோதித்து வெளியிடத் தொடங்கின. சைபர்பங்க் 2077, பால்டர்ஸ் கேட் 3, விட்சர் 3 எல்லாம் வால்வின் ஸ்டீம் கடையில் நிறுவு என்று அழுத்தினால் ஓடும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் என்ற மென்பொருள் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் சந்தா மட்டும் லினக்ஸில் தரவிறக்கி விளையாட வழியில்லை. கிளவுட் வழியாக மட்டுமே.

நடுவில் இருப்பவைதான் சிக்கல். ஈஸி ஆன்டி சீட், பேட்டில் ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் இரண்டும் 2021-இலேயே புரோட்டானுக்கு ஆதரவு அறிவித்துவிட்டன. ஆனால் அதைத் திறந்துவிடுவது அந்தந்த விளையாட்டை உருவாக்கியவர் கையில். எல்டன் ரிங் திறந்துவிட்டது, ஆன்லைனிலும் ஓடுகிறது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் திறந்து வைத்திருந்து, 2024 அக்டோபர் இறுதியில் மூடிவிட்டது. ஜிடிஏ ஆன்லைன் ஆண்டுக்கணக்கில் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் பேட்டில் ஐ சேர்க்கப்பட்டதும் நின்றது, கதைப்பகுதி மட்டும் இன்னும் ஓடுகிறது. ஆகவே நண்பர்களோடு தினமும் ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும், இன்று லினக்ஸில் ஓடுகிறது என்பதை மட்டும் நம்பி விண்டோஸை முழுவதும் துறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கும் முன், லினக்ஸில் எது எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொரு விளையாட்டையும் தேடிப் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணை விட, கடைசிச் சில வாரங்களில் உங்களுடைய வகைக் கார்டு வைத்திருப்பவர் என்ன எழுதியிருக்கிறார் என்பதே பயன்படும்.

விண்டோஸ் என்று முடிவானால் 11-தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். புதுப் பிசியில் அதைப் போட்டுத் தொடங்குவதில் பொருளில்லை. உரிமத்தில் இரண்டு வகை: ஓஇஎம் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டுண்டது, போர்டு மாறினால் உரிமம் போய்விடும். ரீடெய்ல் உரிமத்தை அடுத்த பிசிக்கு மாற்றிக்கொள்ளலாம். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீகள் பெரும்பாலும் பெரு நிறுவனங்களுக்கான மொத்த உரிமத்திலிருந்து பிரித்து விற்கப்படுபவை. எந்த நாளிலும் செயலிழக்கலாம். கடைக்காரர் “ஓஎஸ் ஃப்ரீயா போட்டுத் தர்றேன் சார்” என்றால், அது கிராக் செய்த விண்டோஸாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. ஆக்டிவேட் செய்யாத அசல் விண்டோஸே அதைவிடப் பாதுகாப்பானது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நீங்களே தரவிறக்கிப் போடுங்கள்.

லினக்ஸ் என்றால் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அதை மனத்தில் வைக்க வேண்டும். ஏஎம்டி கார்டுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலும் மேசா என்ற வரைகலைத் தொகுப்பிலுமே அடங்கியிருப்பதால் தனியாக நிறுவ ஒன்றுமில்லை. என்விடியா 2024-இன் 555 டிரைவருக்குப் பிறகு வேலண்ட் என்ற லினக்ஸின் திரை அமைப்பில் வெகுவாகத் தேறியிருக்கிறது. ஆனால் டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில் விண்டோஸில் கிடைக்கும் பிரேம்களைவிடக் குறைவாகத் தருவது பல விளையாட்டுகளில் தொடர்ந்து காணப்படுவது. லினக்ஸுக்கென்றே கட்டும் பிசிக்கு என் தேர்வு ஏஎம்டி. அதில் ஒரு குறை உண்டு: எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறந்தமூல டிரைவரில் சேர்க்க அதன் உரிமை அமைப்பு 2024-இல் அனுமதி மறுத்தது. டிவியில் 4கே 120 ஹெர்ட்ஸ் எதிர்பார்ப்பவர்களை இது பாதிக்கும். மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் வழியாக இணைப்பவர்களுக்குக் கவலையில்லை.

எந்த லினக்ஸ் என்பதில் புதுமைக்கு மதிப்புண்டு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9000 வரிசைக் கார்டுகளுக்குக் கெர்னல் 6.12-உம் மேசா 25-உம் அதற்கு மேலும் வேண்டும். லினக்ஸ் மின்ட் 22 வெளிவந்தபோது அதிலிருந்தது 6.8. அப்படிப்பட்ட பழைய நிறுவல் கோப்பைப் போட்டுவிட்டு, கார்டு பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபெடோரா, அதன் மேல் கட்டிய பஸைட் இரண்டும் புதுக் கார்டுகளுக்கு ஏற்றவை. பஸைட்டில் ஸ்டீம், டிரைவர்கள் எல்லாம் முன்பே அமைந்திருக்கும். கணினியின் அடிப்படைப் பகுதியைத் தவறுதலாக உடைக்கவும் முடியாது, அப்டேட் சரியில்லை என்றால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். முதன்முறை லினக்ஸுக்கு வருபவருக்கு அதைத்தான் சொல்வேன்.

இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு எஸ்எஸ்டி போடுங்கள். ஒரே டிரைவைப் பிரித்துப் போடுவதைத் தவிருங்கள். ஒன்றை நிறுவும்போது மற்றதைக் கழற்றி வைத்தால் பூட்லோடர்கள் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்கள்) ஒன்றோடொன்று கலக்காது. எதைத் தொடங்குவது என்பதை, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் பூட் மெனுவில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் பார்ட்டிஷன்கள் பாதி மூடிய நிலையில் நிற்கும், லினக்ஸ் அவற்றில் எழுத மறுக்கும். இரண்டும் ஒரே ஸ்டீம் நூலகத்தைப் பகிரட்டும் என்று விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் டிரைவில் புரோட்டான் விளையாட்டுகளை வைக்காதீர்கள். விண்டோஸ் ஏற்காத எழுத்துகள் கொண்ட கோப்புப் பெயர்களைப் புரோட்டான் உருவாக்கும். விளையாட்டு திறக்காது, பார்ட்டிஷனும் கெடும். வேலரன்ட்டுக்காகச் செக்யூர் பூட்டை இயக்கி வைத்திருந்தால், லினக்ஸில் என்விடியா டிரைவருக்கான கையொப்பச் சாவியைப் பதிவு செய்தாக வேண்டும். அதைச் செய்யாவிட்டால் டிரைவர் ஏறாது. இன்னொன்று: டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் செக்யூர் பூட் அமைப்பை மாற்றினால் விண்டோஸ் மீட்புச் சாவி கேட்கும். அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மானிட்டரும் கிராஃபிக்ஸ் கார்டும்

1440பி திரையில் 1080பியைவிட 78 சதவீதம் கூடுதல் பிக்சல்கள். 4கேயில் 1080பியைப் போல நான்கு மடங்கு. கார்டின் விலையைத் தீர்மானிப்பது இதுதான். 24 அங்குலத்தில் 1080பி, 27 அங்குலத்தில் 1440பி என்பது கண்ணுக்கும் பொருந்தும் அளவு. இரண்டிலும் 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல், ஐபிஎஸ் திரையாக, ஃபிரீசிங்க் அல்லது ஜிசிங்க் இசைவோடு வாங்குங்கள். பிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது திரையும் கூடவே தன் வேகத்தை மாற்றிக்கொள்வதால், 70 பிரேமில்கூட விளையாட்டு வழுக்கிக்கொண்டு போகும். வாங்கி மாட்டியதும் விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் ஹெர்ட்ஸைப் பாருங்கள். 60-இலேயே விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு.

கார்டில் முதலில் பார்க்க வேண்டியது விரேம், அதாவது கார்டின் சொந்த நினைவகம். 8 ஜிபி கார்டை இனிப் புதிதாக வாங்குவதை நான் ஒரே ஒரு நிலையில்தான் ஏற்பேன்: 1080பியில் வேலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்றவை மட்டும் ஆடுபவர். மற்றவர்களுக்கு 12 அல்லது 16 ஜிபி. விரேம் போதாதபோது என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் காரணம் தெளிவாகும். நிரம்பி வழியும் டெக்ஸ்சர்கள் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) மதர்போர்டின் பிசிஐ வழியாக மெயின் ரேமுக்குப் போய் வருகின்றன. சராசரி பிரேம் எண்ணிக்கை நன்றாகவே தெரியும். ஆனால் திரும்பும்போதும் கதவைத் திறக்கும்போதும் ஒரு வெட்டு வெட்டும். சில விளையாட்டுகள் வெட்டாமல், டெக்ஸ்சரையே மங்கலாக்கிவிடும். எட்டு லேன் (தரவுப் பாதை) மட்டும் கொண்ட கார்டைப் பழைய பிசிஐ 3.0 போர்டில் போட்டால் அந்த வழியின் அகலமே நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபிதான், 4.0-இல் 16. ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 6600, 7600, ஆர்க் பி580 எல்லாமே எட்டு லேன். பழைய போர்டை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றுபவர்கள், 16 லேனும் கொண்ட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியை முதலில் பரிசீலிக்கலாம். நான்கே லேன் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பழைய போர்டுக்கு வேண்டவே வேண்டாம்.

இன்று நடுத்தரத்தில் என் முதல் தேர்வு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. அதே பெயரில் 8 ஜிபியும் விற்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயிலும் அப்படியே. பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். விண்டோஸில் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரைதல்), வீடியோ எடிட்டிங், பிளெண்டர் என்று போகிறவர்களுக்கு 5060 டிஐ 16 ஜிபி பொருந்தும். ஆர்க் பி580-இன் 12 ஜிபி கவர்ச்சியானது. ஆனால் ப்ராசசர் விரேம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய கணினியில் அது மிகவும் தடுமாறும்.

பழைய கார்டு வாங்குபவர்கள் இரண்டு எல்லைக்கோடுகளை அறிந்திருக்க வேண்டும். ஹார்டுவேர் ரே டிரேசிங் கட்டாயம் என்று கேட்கும் விளையாட்டுகள் வந்துவிட்டன; 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸ் ஓர் உதாரணம். ஜிடிஎக்ஸ் 1660-உம் ஆர்எக்ஸ் 5700-உம் அந்தப் பக்கம் போக முடியாது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு என்விடியாவின் 580 டிரைவர் கிளையே கடைசி.

எஸ்எம்பிஎஸ்ஸும் வீட்டு மின்சாரமும்

கணக்கு எளிது. ரைசன் 5 7600-இன் உச்ச மின்தேவை 88 வாட். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160. போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் 60 வைத்தாலும் மொத்தம் 310-ஐத் தாண்டாது. நல்ல 550 வாட் போதும். நாளை பெரிய கார்டு போடும் எண்ணமிருந்தால் 650. அதற்கு மேல் வாட்டுக்குச் செலவழிக்கும் பணத்தைத் தரத்துக்குத் திருப்புங்கள்.

தரம் என்றால் 80 பிளஸ் முத்திரை என்று பலர் நினைக்கிறார்கள். அது 20, 50, 100 சதவீதச் சுமைகளில் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதை மட்டும் அளக்கும் சான்று. வோல்டேஜ் எவ்வளவு நிலையாக வருகிறது, ஷார்ட் ஆனால் உடனே அணைகிறதா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்பவை சுயேச்சையான சோதனை அறிக்கைகளும், நிறுவனம் எத்தனை ஆண்டு வாரண்டி தருகிறது என்பதும்தான். ஐந்து ஆண்டுக்குக் குறைவான வாரண்டி உள்ளதைக் கேமிங் பிசிக்கு எடுக்காதீர்கள். இந்தியாவில் விற்கும் விலை குறைந்த மாடல்களில் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள்: சிலவற்றில் உள்ளீடு 200 முதல் 240 வோல்ட் என்றிருக்கும். கோடை மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் இவை திடீரென அணைவதும் மீண்டும் தொடங்குவதுமாக இருக்கும். 100 முதல் 240 என்று போட்டதே வேண்டும்.

யுபிஎஸ்ஸில் தெரிந்துகொள்ள வேண்டியது, சாதாரண 600 விஏ பெட்டி தருவது சுமார் 360 வாட்தான் என்பது. மேலே சொன்ன பிசியையும் மானிட்டரையும் விளையாட்டு நடுவில் தாங்குவது அதற்கு எல்லைக்கோட்டு வேலை. 1000 விஏ நிம்மதி. வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதானால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்கள் ஸ்கொயர் வேவ் மின்சாரத்தில் இரைச்சலிடும், சில அணைந்தே போகும். இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். மின்சாரம் போனதும் மாறும் நேரம் குறையும்; பிசி ரீஸ்டார்ட் ஆகாது.

கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? பிசி பழுதில்லை, வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்குச் சிறு கெபாசிட்டர்கள் போகும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் முழுவதும் 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்றாலும், அந்த நிலையில் டிவியின் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது போர்ட் எரிய வாய்ப்புண்டு. எலெக்ட்ரீஷியனை அழைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 230-ஐ ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு ஃபேன் செட்டின் விலைகூட இருக்காது. பட்டியலில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அடுத்த வரியாக இதை எழுதுங்கள்.

ப்ராசசர், போர்டு, ரேம்

1440பியில் அழகான கதை விளையாட்டு ஆடும்போது கார்டு 97 சதவீதம் உழைத்துக்கொண்டிருக்கும். ப்ராசசர் பாதி ஓய்வில் இருக்கும். அங்கே விலை கூடிய ப்ராசசர் எதையும் மாற்றாது. 1080பியில் 240 ஹெர்ட்ஸுக்குத் துரத்தும்போதும், நகர நிர்மாண விளையாட்டு, சிமுலேட்டர் போன்றவற்றிலும்தான் ப்ராசசர் எல்லையாகிறது. ஏஎம்டியின் எக்ஸ்3டி வகைகள் அங்கேதான் பயன்படுகின்றன: 7800எக்ஸ்3டியிலும் 9800எக்ஸ்3டியிலும் 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) இருப்பதால், ஒவ்வொரு பிரேமுக்கும் ரேம் வரை ஓடி வருவது குறைகிறது. இப்போதே ஒரு பிசி இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். ரெசல்யூஷனைக் குறையுங்கள். பிரேம் எண்ணிக்கை ஏறாவிட்டால் ப்ராசசர்தான் தடை.

மற்ற அனைவருக்கும் ஆறு கோர் போதும். ஏஎம்5 சாக்கெட்டில் ரைசன் 5 7600 அல்லது 9600எக்ஸ். இந்த சாக்கெட்டுக்கு 2027-ஐத் தாண்டியும் புதுப் ப்ராசசர் தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது; முந்தைய ஏஎம்4 சாக்கெட் விஷயத்தில், 2017-இல் வாங்கிய பல போர்டுகளில் 2022-இன் 5800எக்ஸ்3டி பயாஸ் அப்டேட் ஒன்றோடு ஓடியது. அந்தக் காரணத்துக்காகவே நடுத்தர பட்ஜெட்டில் ஏஎம்5 எனக்குப் பிடிக்கும். கையில் பழைய டிடிஆர்4 ரேம் இருப்பவர்கள் ஏஎம்4 வகை பி550 போர்டும் ரைசன் 5 5600-உம் எடுத்து மிச்சத்தைக் கார்டில் போடலாம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: 5500, 5600ஜி இரண்டும் பிசிஐ 3.0 மட்டும் தருபவை, கேஷும் 5600-இல் பாதி. ஏஎம்5-இல் 8500ஜி, கார்டுக்கு நான்கு லேன்தான் தரும். இன்டெல் பக்கம் 12400எஃப் இன்னும் நல்ல மதிப்பு. 13, 14ஆம் தலைமுறை உயர்நிலைப் ப்ராசசர்களைப் பழையதாக வாங்காதீர்கள். அதிக வோல்டேஜால் மெல்லச் சிதையும் கோளாறு அவற்றில் இருந்தது. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வந்தாலும், முன்பே ஏற்பட்ட சேதத்தை அது மீட்காது.

எஃப் என்று முடியும் மாடல்களில் உள்கிராஃபிக்ஸ் இல்லை. விலை கொஞ்சம் குறையும். ஆனால் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போகும் நாட்களில் பிசியே இருட்டாகிவிடும். வித்தியாசம் சிறிதென்றால் உள்கிராஃபிக்ஸ் உள்ளதை எடுங்கள்.

போர்டில் பி650 அல்லது பி850 போதும். எம்.2 இடங்கள் எத்தனை, பின்புறம் யுஎஸ்பி எத்தனை, மின்சுற்றின் மேல் ஹீட்சிங்க் உண்டா, பென்டிரைவிலிருந்து நேரடியாகப் பயாஸ் மாற்றும் பொத்தான் உண்டா என்று பாருங்கள். கடையில் நாளாகக் கிடந்த பி650 போர்டு ரைசன் 9000 வரிசைப் ப்ராசசரை அடையாளம் காணாமல் போகலாம். அந்தப் பொத்தான்தான் அப்போது காப்பாற்றும்.

ஏஎம்5-க்கு டிடிஆர்5 ரேம், வேகம் 6000, தாமத அளவு சிஎல்30, 16 ஜிபி இரண்டு. நான்கு ரேம் போட்டால் வேகம் வெகுவாக இறங்கும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒற்றை ரேம் வாங்கினால் அதுவரை பாதி அகலத்தில்தான் ஓடும். மாட்டும் இடம் ப்ராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். மாட்டியபின் பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போவை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் 6000-க்குக் கொடுத்த பணம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்எஸ்டி 1 டிபிக்குக் குறையாமல். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி கேட்கிறது, விண்டோஸ் 1 டிபியை 931 ஜிபியாகத்தான் காட்டும். டிஎல்சி வகை நல்லது. கியூஎல்சி பெரிய விளையாட்டைத் தரவிறக்கும் பாதியில் வேகம் சரியும். ஜென்5 வேகத்துக்கு விளையாட்டில் பயனில்லை.

கேபினெட்டில் முன்பக்கம் வலையாக இருக்க வேண்டும். கண்ணாடி முன்பக்கம் நம் வெயிலுக்கு ஆகாது. மேல்நாட்டு விமர்சனத்தில் 22 டிகிரி அறையில் 70 டிகிரி என்று வரும் கூலர், 37 டிகிரி அறையில் 85-ஐத் தொடும். உள்ளே ஏறும் வெப்பம் அறை வெப்பத்தின் மேல்தான் கூடுகிறது. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. 7600-உடன் வரும் கூலர் வேலை செய்யும், கோடையில் சத்தமிடும். நான்கு ஹீட்பைப் கொண்ட சாதாரண டவர் கூலர் போதும், வாட்டர் கூலர் தேவையில்லை.

வாங்குவது, மாட்டுவது, சோதிப்பது

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டாலும் இணையத்தில் பார்த்தாலும், கொட்டேஷனில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரும் இருக்க வேண்டும். “650 வாட் எஸ்எம்பிஎஸ்”, “16 ஜிபி ரேம்” என்று மட்டும் எழுதித் தரும் தாளை வைத்து விலை ஒப்பிட முடியாது. விலை 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்துத்தானா என்று கேளுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருவது வாரண்டியில் உங்களையே இடிக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் கார்டுக்குப் பெரும்பாலும் இங்கே வாரண்டி செல்லாது. அதை விலை வித்தியாசத்தோடு சேர்த்து எடை போடுங்கள்.

மாட்டும்போது தவறு நடக்கும் இடங்கள் சிலவே. ஏஎம்5 சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடி, நெம்புகோலை மூடும்போது தானே தெறித்து வெளியே வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள். கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் படலத்தை உரித்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். ப்ராசசருக்கான 8 பின் 4+4 ஆகவும், கார்டுக்கானது 6+2 ஆகவும் பிரியும். ஒன்றை மற்றதில் திணிக்கக் கூடாது. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் இரண்டு தனிக் கேபிள்கள். வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் கேபிள்களை, முனை பொருந்தினாலும், ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையின் பின் வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது. எஸ்எஸ்டிக்குப் போக வேண்டிய 5 வோல்ட் இடத்தில் 12 வோல்ட் போய் நிற்கும். மானிட்டர் கேபிள் கார்டில்தான், போர்டில் அல்ல.

முதல் முறை இயக்கியதும் திரை இருட்டாகவே இருந்தால் பதறி அணைக்காதீர்கள். டிடிஆர்5 தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளப் பல நிமிடங்கள் எடுக்கும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் ஒன்றும் இல்லையென்றால் போர்டின் ஓரத்தில் எரியும் சிறு விளக்கைப் பாருங்கள்: ப்ராசசர், ரேம், விஜிஏ, பூட் என்று நான்கில் எது எரிகிறதோ அங்கே தடை. ரேம் விளக்கானால் ஒன்றைக் கழற்றி, மற்றதை இரண்டாம் இடத்தில் அழுத்தி மாட்டிப் பாருங்கள். விண்டோஸ் நிறுவும்போது வைஃபை தெரியாவிட்டால் மொபைலை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங் கொடுங்கள். அதுவும் எடுக்காவிட்டால், போர்டு நிறுவனத் தளத்தின் டிரைவரை ஒரு பென்டிரைவில் வைத்திருங்கள்.

கடை மாற்றித் தரும் கெடு முடியும் முன் எல்லாவற்றையும் வருத்திப் பார்த்துவிட வேண்டும். எக்ஸ்போ இயக்கிய நிலையிலேயே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு முழுவதும் ஓடட்டும்; ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். வந்தால் ரேமின் வேகத்தை 5600-க்கு இறக்கிச் சோதியுங்கள். அங்கே சரியாக ஓடினாலும், 6000 என்று விற்ற ரேமை மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை. பிறகு ஓசிசிடி மென்பொருளில் ப்ராசசரையும் கார்டையும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம், பகல் வெப்பத்தில். ரைசன் 7600 95 டிகிரி வரை போக அனுமதிக்கப்பட்டது. ஆனால் சோதனை தொடங்கிய நொடியே 95 என்றால் கூலர் சரியாக உட்காரவில்லை. இந்தச் சோதனையில் பிசி சட்டென அணைந்தால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்; திரையில் நிறப்புள்ளிகள் சிதறினால் கார்டின் மெமரி மேல். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் பில்லோடு சேர்த்துப் படமெடுத்து வையுங்கள். எல்லாம் தேறும்வரை ஒரு அட்டைப்பெட்டியைக்கூட எடைக்குப் போட வேண்டாம்.